மடியில் விழுந்த கோதுமை

பெருமாயி அக்கா சுளகோடு வாசலுக்கு வந்தபோதே அதில் இருப்பது கோதுமை என்று தெரிந்துவிட்டது. கம்புக்கு அந்த நிறம் கிடையாது. கேப்பை சுளகில் அப்படிக் குவியாது.

நான் மஞ்சள் துண்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். துண்டில் செருகியிருந்த வேப்பங்கொழுந்து அதற்குள் வாடியிருந்தது. முந்தின நாள் முழுதும் வண்டியில் போகும்போது மாடுகளிடம் சொல்லிப் பழகிய ஒரு வார்த்தை வாய்க்குள் தயாராக இருந்தது. "கோதும வேணாம். வேற இருந்தாக் குடுங்க." அவ்வளவுதான். மாடுகள் இரண்டும் அதை நன்றாகக் கேட்டிருந்தன.

பெருமாயி அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "ஆத்தா, அந்தப் பச்ச மண்ணுக்கு உசுரக் குடு தாயி" என்று சொல்லிச் சுளகைச் சாய்த்துவிட்டாள்.

மடி கனத்தது. ஓர் உழக்குக்குக் குறையாது. ரேஷனில் அளந்து வாங்கியதில் அவள் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தது அது. அதைத் திருப்பி எடுத்துக்கொள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எனக்குச் சாதாரண நாளிலேயே வராது.

தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தேன்.

போன வாரம் கம்பம் சாலையில் பாரவண்டி ஓட்டிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர், வண்டிக்காரன் என்றால் வாயாடியாக இருக்க வேண்டுமே, நீர் எப்படிப் பிழைத்தீர் என்று கேட்டிருந்தார். மாட்டுக்கு அதிகப் பேச்சு வேண்டியதில்லை. சரக்கு ஏற்றுகிறவரும் இறக்குகிறவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நடுவில் இருக்கிறவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அப்படித்தான் பிழைத்தேன். பேசியே தீர வேண்டும் என்று வந்த நாள் ஒன்று உண்டு. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வரப்பில் நெல், வீட்டில் கோதுமை

அது இரண்டாம் உலக யுத்தத்தின் பிற்பாதி. எங்கள் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளையும். உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூர் வரை வண்டியில் போனால் இரண்டு பக்கமும் பச்சைதான். விளைந்த நெல்லைச் சர்க்கார் அளந்து எடுத்துக்கொண்டது. பதிலுக்கு ரேஷன் கடையில் கோதுமை வந்தது.

அதுவரை எங்கள் தெருவில் பாதிப் பேர் கோதுமையைக் கண்ணால் பார்த்ததில்லை. அரிசி மாதிரி உலையில் போட்டு வேகவைத்தார்கள். எத்தனை விறகு வைத்தாலும் வேகவில்லை. வெந்தது பல்லில் ஒட்டிக்கொண்டது.

"இது வயித்துக்குப் போடவா, இல்ல வண்டிச் சக்கரத்துக்குப் பட்ட கட்டவாப்பா?" என்று பக்கத்து வீட்டுச் சின்னச்சாமி என்னிடம் கேட்டான். கேலிக்கென்றே பிறந்தவன். நான் சிரித்தேன்.

பிறகு பெண்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். ஊறவைத்து, இடித்து, கஞ்சியாகக் காய்ச்சினார்கள். திருகையில் அரைத்துக் களி கிண்டினார்கள். என் மனைவி செல்லத்தாயி அதில் கெட்டிக்காரி. கோதுமைக் கஞ்சியில் கொஞ்சம் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு எங்கள் மகளுக்கு ஊட்டுவாள். மகள் சப்புக்கொட்டிக் குடிப்பாள்.

மூக்கம்மா

எங்களுக்கு முதலில் பிறந்தது ஆண். தவழ்வதற்கு முன் போய்விட்டது. அடுத்துப் பிறந்தவளுக்கு அன்றைக்கே மூக்குக் குத்தி மூக்கம்மா என்று பெயர் வைத்தோம். முந்தின பிள்ளை தக்காவிட்டால் அப்படிச் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். குறை விழுந்த பிள்ளையை எமன் தொடமாட்டான் என்பது கணக்கு.

இரண்டு வயது வரை ஓடித் திரிந்த பிள்ளைதான். ரேஷன் வந்த வருஷத்தில் உட்கார்ந்துவிட்டாள். வயிறு குடம் மாதிரி உப்பியது. கையும் காலும் குச்சியாயின. வெளுத்து, நுரைத்து, வீடெல்லாம் நாறும்படி வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது. தலைமுடி செம்பட்டையானது. மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். தொட்டால் அழுவாள்.

மாந்தம் என்றார்கள். வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தோம். கணை என்றார்கள். மஞ்சள் கிழங்கைத் தணலில் காட்டி வயிற்றில் சூடு வைத்தோம். அந்தத் தழும்பு அவளுக்கு இன்றும் இருக்கிறது. உத்தமபாளையத்தில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த ராவுத்தருக்குத்தான் நான் அதிகம் பாரம் ஏற்றுவேன். பாதி வருஷம் அவர் எங்கள் ஊர்த் தோப்பு வீட்டில்தான் இருப்பார். அவரே அவளைத் தோளில் போட்டுப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய், அந்தித் தொழுகை முடிந்து வருகிறவர்களை ஓதி ஊதச் சொன்னார். எல்லாரும் ஊதினார்கள். அவள் அன்று இரவு மட்டும் நன்றாகத் தூங்கினாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். நோயாளிக்கு அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். வயிற்றுக்கு லேசாகக் கொடு, பார்லித் தண்ணீர் கொடு, பன்னைப் பாலில் நனைத்துக் கொடு.

அன்றிலிருந்து தேனிக்குப் பாரம் போகும் நாளெல்லாம் ரொட்டிக் கடையில் ஒரு பன் வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு வருவேன். வண்டிச் சத்தம் கேட்டதும் மூக்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். முடிச்சை அவிழ்ப்பதற்குள் துண்டை மோந்து பார்ப்பாள். அவள் எழுந்து நிற்பது அந்த ஒரு நேரம்தான்.

தேவாரத்துத் தண்ணீர்

செல்லத்தாயியின் அக்காவைத் தேவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. எனக்கு மதினி. மலையடிவாரத்தில் மானாவாரிக் காடு வைத்துப் பிழைக்கிற வீடு. மதினிக்குக் கால் பிசகிப் படுத்துவிட, ஒத்தாசைக்குச் செல்லத்தாயி பிள்ளையோடு போனாள். ஒரு மாதம் போல அங்கே இருந்தாள்.

கூட்டிவர நான் போனபோது ஒரு பிள்ளை வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது. யார் வீட்டுப் பிள்ளையோ என்று பார்த்தேன். மூக்கம்மா.

"ஒங்க ஊர்த் தண்ணி இதுக்குச் சேரல, கொழுந்தனாரே. அங்கன ஆத்துத் தண்ணி, இங்கன மலைத் தண்ணி. வேற ஒண்ணுமில்ல" என்றாள் மதினி.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஊருக்குத் திரும்பி ஒரு பட்சம் ஆவதற்குள் பிள்ளைக்கு மறுபடி வயிறு உப்பிவிட்டது. தண்ணீர்தான் என்று உறுதியாக நம்பினேன்.

அதனால் தேவாரம் பக்கம் பாரம் கிடைத்தால் விடமாட்டேன். வரும்போது மதினி வீட்டுக் கிணற்றில் இரண்டு பானை இறைத்து, வைக்கோல் அணை கொடுத்து, வாயை வாழை இலையால் கட்டி ஏற்றிக்கொண்டு வருவேன். அரிசி கடத்துகிறார்களா என்று பார்க்கச் சாலையில் ஆள் போட்டிருந்த காலம். ஒரு போலீஸ்காரர் பானையில் கையை விட்டுப் பார்த்து ஏமாந்து போனார்.

"என்னடா இது, தண்ணி?"

"தண்ணிதான் சாமி."

"ஆத்தங்கரை ஊர்க்காரன் மலையடிவாரத்துலருந்து தண்ணி கடத்துறியா? நான் எந்தச் சட்டத்துலடா ஒன்னயப் பிடிக்க?"

பிள்ளைக்கு என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அந்தத் தண்ணீரில்தான் மூக்கம்மாவுக்குக் கோதுமைக் கஞ்சி காய்ச்சினோம். பன்னையும் அந்தத் தண்ணீர் கலந்த பாலில்தான் நனைத்தோம். ஒன்றும் மாறவில்லை. இன்னும் இளைத்தாள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் இடது மாட்டுக்குக் குளம்பு வெடித்து வண்டி ஓடாமல் கிடந்தது. தேவாரம் போகவில்லை, தண்ணீர் இல்லை. தேனி போகவில்லை, பன் இல்லை. அதே சமயத்தில் ரேஷன் கடையில் கோதுமை வரத்து நின்று கம்பும் சோளமும் மட்டும் போட்டார்கள். ஊர் முழுக்கப் புலம்பியது. என் பிள்ளை எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கம்பங்கூழைத் தின்றுகொண்டு, எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

மாட்டுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே அதைப் பார்த்தேன். தேவாரத்து வீட்டில் கோதுமை வாங்குவதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே சாமையும் கேப்பையும்தான்.

மறுபடி ரேஷனில் கோதுமை வந்தது. மறுபடி படுத்தாள். இந்தத் தடவை கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள்.

செல்லத்தாயியிடம் சொன்னேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"ஊரே திங்குது. பெருமாயி மகன் அதத் தின்னுதான் கன்னுக்குட்டி மாதிரி இருக்கான். இவளுக்கு மட்டும் எப்படி ஆகாமப் போகும்?"

"தெரியல. ஆகல."

"இனி அதெல்லாம் யோசிச்சுப் பிரயோசனமில்ல. ஆத்தாளுக்கு நேந்துட்டேன். பிள்ளையோட அப்பன் மடிப்பிச்சை எடுத்து, அதுல கஞ்சி காய்ச்சிக் கோயில் வாசல்ல வச்சுப் புள்ளைக்குக் குடுக்குறேன்னு."

நான் திகைத்துப்போனேன். "நீ எடுக்கலாமே" என்றேன். பெண்கள் எடுப்பதுதான் அதிகம்.

"நான் எடுத்தா அதுல என்ன இருக்கு? எனக்கென்ன, பத்து வீட்டுக்குப் போயிப் பேசிட்டு வருவேன். ஒங்களுக்குத்தான் அது பெரிய கஷ்டம். கஷ்டமானதத்தான ஆத்தாளுக்கு நேரணும்?"

நான் மாடுகளை அவிழ்க்கப் போனேன்.

ஒற்றைப்படை வீடுகள்

மடிப்பிச்சைக்கு நாலைந்து ஒழுங்குகள் உண்டு. ஒற்றைப்படையில் வீடுகள் போக வேண்டும். எது போட்டாலும் வாங்க வேண்டும். விழுந்ததைத் திருப்பிக் கொட்டக் கூடாது. வந்ததைக் காய்ச்சி முதல் வாய் பிள்ளைக்கு, மிச்சம் நிற்கிறவர்களுக்கு. ரேஷன் காலத்தில் எந்த வீட்டில் போய் நின்றாலும் கோதுமைதான் முதலில் கைக்கு வரும். அது விழுந்தால் பிள்ளைக்குப் போகும்.

அதனால்தான் மாடுகளிடம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகியது. அதனால்தான் பெருமாயி அக்காவின் வாசலில் வாய் திறக்காததும் பெரிதாகிப் போனது.

அவள் கண்ணுக்கு மறைந்ததும் ஒரு புங்க மரத்தடியில் நின்றேன். கோதுமையைத் துண்டின் ஒரு மூலைக்குத் தள்ளி முறுக்கி, வாழைநாரால் இறுகக் கட்டினேன். திருப்பிக் கொட்டக் கூடாது என்று ஒழுங்கு உண்டு. முடிச்சுப் போடக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது வீடு சின்னச்சாமி வீடு. அவன் மனைவி சுளகோடு வந்தாள். கோதுமை.

"வேணாம்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கோதும வேணாம். வேற இருந்தாக் குடுங்க."

அவள் சுளகோடு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து சின்னச்சாமி பாய்ந்து வந்தான்.

"ஏலே, இங்கன வாங்கடா! பிச்சைக்கு வந்த மனுசன் தானியம் தவசம் பாத்து வாங்குறாரு! ஏன் மாப்ள, நெய்ச்சோறு இருந்தாப் போடச் சொல்லவா?"

"சும்மா கெடங்க" என்று அதட்டினாள் அவன் மனைவி. "என்னண்ணே வேணும்?"

"கம்பு, கேப்ப, சோளம், எதுன்னாலும். புள்ளைக்குக் கோதும ஆகல."

உள்ளே போய்க் கம்பு கொண்டுவந்து போட்டாள். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதற்கு மேல் நான் பேச வேண்டிய வேலை குறைந்தது. சின்னச்சாமியின் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது. அடுத்த வாசலில் ஒரு பெண் இரண்டு சுளகோடு நின்றாள். "பாத்து எடுத்துக்கிடுங்கண்ணே, கடைக்கு வந்தாப்ல" என்று சொல்லி வாயைப் பொத்திச் சிரித்தாள். அதற்கடுத்த வீட்டுக் கிழவர் சிரிக்கவில்லை. "ஆத்தா குடுக்குறத வேணாம்னு சொல்றவன் வீட்டுல எப்படிடா பிள்ள தங்கும்?" என்றார். அவரிடமும் அதே வார்த்தையைச் சொன்னேன். அவர் மருமகள் பின்பக்கம் வந்து ஒரு கை சோளம் போட்டாள்.

கடைசியாக ராவுத்தரின் தோப்பு வீடு. அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாயே தெறக்காத ஆளு தெருவே கேக்கப் பேசிட்டு வாரீகளாமே?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் கை ஒன்று சிறு கிண்ணத்தை நீட்டியது. அரிசி. எந்த வீட்டிலும் அன்று அரிசியை யாரும் வெளியே காட்டமாட்டார்கள். அவர் அதை மடியில் கொட்டி, மேலே கம்பை இழுத்து மூடிவிட்டார். "போங்க, புள்ள காத்திருக்கும்" என்றார்.

கோயில் வாசலில்

செல்லத்தாயி மூன்று கல் கூட்டி உலை வைத்திருந்தாள். வேப்ப மர நிழலில் ஒரு சாக்கின் மேல் மூக்கம்மா படுத்திருந்தாள். வேடிக்கை பார்க்க நாலு பேர் வந்திருந்தார்கள்.

துண்டை வாங்கி விரித்தவள் கை நின்றது.

"இதென்ன முடிச்சு?"

"பெருமாயி அக்கா போட்டது. கோதும."

"அத ஏன் தனியாக் கட்டினீக?"

துண்டின் அந்த மூலையை என் பக்கம் இழுத்தேன்.

"வந்தத ஒதுக்கக் கூடாதுன்னு தெரியும்ல? மொதப் புள்ளைக்கு நேந்ததத் தள்ளிப்போட்டுத்தான் வாரிக் குடுத்தோம். இதையும் வாரிக் குடுக்கணுமா?" அவள் முடிச்சை அவிழ்க்கப் போனாள். இறுகியிருந்த நார் அவிழவில்லை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் நான் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"செல்லம், இதக் குடுக்காத. தேவாரத்துல இது இல்ல, ஓடினா. மழைக்குக் கடையில இது வரல, நடந்தா. தண்ணியும் இல்ல, காத்தும் இல்ல. இதுதான். இன்னொரு தடவ குடுத்தா நமக்குப் புள்ள இல்ல."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவளிடம் சேர்ந்தாற்போல் பேசியதில் அதுதான் நீளம். அவள் என்னையே பார்த்தாள். உலை கொதித்து அடுப்பில் வழிந்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

பிறகு எழுந்து போய்ப் பூசாரி வீட்டில் இன்னொரு சட்டி வாங்கி வந்தாள். ஒன்றில் கம்பும் கேப்பையும் சோளமும் அரிசியும். இன்னொன்றில் கோதுமை. இரண்டு அகப்பை. இரண்டையும் ஆத்தாளுக்கு முன்னால் இறக்கி வைத்தாள்.

"பிச்சை எடுத்தது நீங்க. ஒதுக்குனதும் நீங்க" என்று கோதுமைச் சட்டியை என் முன் வைத்தாள். "இத நீங்க குடிங்க. ஆத்தா கோவிச்சா ஒங்கள ஏதாச்சும் செய்யட்டும். அவள விட்ரட்டும்."

முழுசாக வேகாத கோதுமை. உப்பில்லை. சூடு ஆறவில்லை. நாலு பேர் பார்க்க உட்கார்ந்து குடித்து முடித்தேன். எதிரில் செல்லத்தாயி மற்றக் கஞ்சியைப் பிள்ளைக்குச் சங்கில் புகட்டிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஆத்தாளிடம் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

விட்ட பொருள்

ஒரே நாளில் எழுந்து ஓடவில்லை. மெல்ல மெல்லத்தான் வயிறு வற்றியது. நடுவில் ஒரு தடவை, வீட்டில் ஒரு மணி கோதுமை இல்லாதபோதும், மறுபடி போக ஆரம்பித்தது. செல்லத்தாயி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே கண்டுபிடித்தாள். எங்கள் கேப்பையை அரைத்தது பெருமாயி அக்கா வீட்டுத் திருகையில். அவர்கள் அதில் கோதுமை அரைப்பார்கள். கல்லில் கொத்திய குழிகளுக்குள் அந்த மாவு இருக்கும். போடிக்குப் பாரம் போனபோது எங்களுக்கென்று ஒரு திருகை வாங்கி வந்தேன். இரவல் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. கருமி என்று பேர் வந்தது.

பெரிய சிரமம் வெளியில்தான். ஆகாது என்று நான் சொன்னால், "ஒரு வாய் தின்னா என்ன ஆயிரப்போகுது?" என்று கொடுத்துவிடுவார்கள். பிள்ளை பாவம் என்று ஒளித்துக் கொடுத்தவர்களும் உண்டு. இதற்கும் செல்லத்தாயிதான் வழி கண்டாள். "கோதுமைய ஆத்தாளுக்கு விட்டாச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். காசிக்குப் போனவர்கள் ஒரு காயை விடுவதில்லையா, அது மாதிரி. அதற்குப் பிறகு ஒருவரும் நீட்டவில்லை. ரேஷன் கடைக்காரர்கூட எங்கள் பங்குக்குக் கம்பு இருந்தால் எடுத்து வைத்தார்.

மூக்கம்மா மட்டும் வெகுநாள் என் துண்டை மோந்து பார்த்தாள். பொரி உருண்டை வாங்கி வந்தேன். தின்பாள். தின்றுவிட்டு மறுபடி துண்டை மோப்பாள்.

சமீபத்தில் மதுரையில் ஒரு பெரிய டாக்டரிடம் இதைச் சொல்ல நேர்ந்தது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற ஒரு பசை சில பிள்ளைகளின் குடலுக்கு ஆகாது என்று யுத்தத்துக்குப் பிறகுதான் சீமையில் தெளிவாகத் தெரிந்ததாம். அந்த நோய்க்கு ஒரு பேர் சொன்னார். பஸ் ஏறுவதற்குள் மறந்துவிட்டது. வீட்டில் சொன்னபோது செல்லத்தாயி, "பார்லியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு பந்தி

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. அந்தச் சமயத்தில் தேவாரத்தில் மதினி மகள் கல்யாணம். கோதுமையே வாங்காத வீடுதான்; அன்று கூட்டத்துக்கு அரிசி போதாமல் ரேஷன் கோதுமையைப் பாயசத்துக்கு உடைத்துப் போட்டிருந்தார்கள். நான் ஆண்கள் வரிசையில். மூக்கம்மா எதிர் வரிசையில் பெண்களோடு. செல்லத்தாயி உள்ளே அடுப்படியில் இருந்தாள்.

பாயச வாளியோடு மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் வந்தார். எங்களைத் தெரியாதவர். விட்ட பொருள் சங்கதியும் அவருக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்டி மூக்கம்மாவின் இலைக்கு மேல் வந்துவிட்டது.

அவள் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டாள்.

"கோதும வேணாம். வேற இருந்தாக் குடுங்க."

அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது கேட்டிருக்கலாம். பழக்கத்தில் நான் அதை மாடுகளிடம் எப்போதாவது சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாளிக்காரர் சிரித்துவிட்டார். "ஏலே, இங்கன பாருங்கப்பா! மொளச்சு மூணு எல விடல, பந்தியில வந்து தவசம் கேக்குது! யாரு மகப்பா இது?"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இலையில் உட்கார்ந்தவன் பாதியில் எழுந்திருக்கக் கூடாது. எழுந்துவிட்டேன்.

"என் மக" என்றேன். "அவளுக்கு ஆகாது."

அடுப்படி வரை கேட்டிருக்க வேண்டும். செல்லத்தாயி ஈரக் கையோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். நான் உட்கார்ந்தேன். மூக்கம்மா என்னைப் பார்க்கவில்லை. வாளி வரிசையின் கடைசி இலையைத் தாண்டும் வரை கையை எடுக்காமல் தன் இலையை மூடிக்கொண்டே இருந்தாள்.